திராட்சைக் குச்சியின் சரித்திரம்

புனேயில் ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் திராட்சைதான். நீளமாக இருந்தால் சோனாகா, சின்னதாக இருந்தால் கணேஷ், கறுப்பாகப் பெருத்திருந்தால் வண்டிக்காரர் பாஷையில் 'ஜம்போ'. மூன்றிலும் விதை கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் திராட்சை என்றால் இதுதான். போன லீவில் கம்பத்தில் அவள் அப்பத்தா ஆசை ஆசையாகப் பன்னீர் திராட்சை கழுவி வைக்க, ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "அப்பா, இதுல கல்லு இருக்கு" என்று துப்பிவிட்டாள். என் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அது கல் இல்லை, விதை என்று சொன்னதும் வந்தது அடுத்த கேள்வி. "அப்போ நம்ம வீட்டு கிரேப்ஸ்ல விதை இல்லியே, செடி எப்படி வரும்?" குச்சியை வெட்டி நடுவார்கள் என்றேன். "மொத குச்சி எங்கருந்து வந்துச்சு?"

தங்கமணி, 'மாட்டினீங்களா' என்கிற மாதிரி பார்த்தார். நான் படித்ததும் பிழைப்பதும் கம்ப்யூட்டர். இருந்தாலும் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவன் என்று ஒரு கெத்து இருக்கிறதல்லவா? அதற்காகத் தேடிப் படித்ததை நம்மைப் போல் வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இது.

காட்டுத் திராட்சையிலிருந்து ஆரம்பிப்போம். ஐரோப்பாவின் ஆற்றங்கரைக் காடுகளிலிருந்து காகசஸ் மலை தாண்டி மத்திய ஆசியா வரைக்கும் மரங்கள் மேல் ஏறிப் படரும் ஒரு கொடி. பழம் பொடிசு, கறுப்பு, புளிப்பு, உள்ளே விதைதான் பெரிசு. முக்கியமான சங்கதி வேறு. நம்ம ஊர் பனைமரம் மாதிரி இதிலும் ஆண் தனி, பெண் தனி. ஆண் கொடி பூக்கும், காய்க்காது. பெண் கொடி காய்க்கும், ஆனால் பக்கத்தில் ஆண் வேண்டும். பனை விஷயத்தில் கன்று வளர்ந்து பாளை விட்ட பிறகுதான் ஆணா பெண்ணா என்று தெரியும் என்பார்கள். காட்டுத் திராட்சையும் பூக்கும் வரை வாயைத் திறக்காது.

எப்போதாவது ஒரு கொடி மட்டும் இரண்டும் கலந்த பூ பூக்கும். தன் மகரந்தத்திலேயே தான் காய்க்கும். காட்டில் இது அபூர்வம். ஆனால் மனுசன் கையில் கத்தி இருக்கிறதே. காய்க்காத கொடி எதற்கு என்று ஆண் கொடியை எல்லாம் வெட்டி எறிந்தால் அடுத்த வருசம் பெண் கொடியும் காய்க்காது, அந்த இருபால் கொடி மட்டும் குலை தள்ளும். அதிலிருந்து குச்சி ஒடித்து அடுத்த இடத்தில் நட்டிருப்பார்கள். இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஒரு விளக்கம் உண்டு, எனக்கு அது சரியாகப் படுகிறது. திராட்சைக்கு மொத்தம் 19 ஜோடி குரோமோசோம். அதில் இரண்டாவது குரோமோசோமில் ஒரு சின்னப் பகுதிதான் கொடி ஆணா, பெண்ணா, இருபாலா என்று தீர்மானிக்கிறது. இன்று தோட்டத்தில் இருக்கும் ரகங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த அபூர்வ இருபால் வகைதான்.

எங்கே, எப்போது? ஜார்ஜியா நாட்டில் தோண்டி எடுத்த மண்பானைகளில் ஒயினின் எச்சம் இருப்பதை 2017ல் வெளியிட்டார்கள். பானைகளுக்கு வயது சுமார் 8,000 வருசம். ரொம்ப நாளாகக் காகசஸ்தான் திராட்சையின் ஒரே தாய்வீடு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2023ல் உலகமெங்கும் இருந்து 3,525 கொடிகளின் டி.என்.ஏ.வைப் படித்து ஒரு பெரிய ஆராய்ச்சி வந்தது. அதன்படி சுமார் 11,000 வருசத்துக்கு முன்பே, ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு இடங்களில் திராட்சையை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒன்று காகசஸ், இன்னொன்று மேற்காசியா. ஒயினுக்குப் பேர்போன காகசஸ் கொடி ஊரைவிட்டு அதிகம் நகரவில்லை. சாப்பிடும் பழமாகப் பழக்கப்பட்ட மேற்காசியக் கொடிதான் மனுசனோடு கிளம்பிப் போயிருக்கிறது. போகிற வழியில் ஐரோப்பாவின் காட்டுத் திராட்சைகளோடு சம்பந்தம் வைத்துக்கொண்டு, அங்கே பேர் பெற்ற ஒயின் ரகங்களைப் பெற்றெடுத்தது.

(பெயரைப் பற்றி ஒரு இடைச்செருகல். தமிழில் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பழைய பெயர் உண்டு. மலையாளத்தில் இன்றும் அது முந்திரிதான். நாமோ முந்திரியைக் கொட்டைக்குக் கொடுத்துவிட்டு, திராட்சைக்கு வடமொழியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டோம்.)

இப்போது குச்சி விஷயம். மாங்கொட்டையைப் போட்டு முளைத்த கன்று எப்படிக் காய்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் ஒட்டுமாங்கன்று வாங்குகிறோம். திராட்சை அதைவிட மோசம். ஒரே குலையின் பத்து விதையை நட்டால் பத்தும் பத்து தினுசாக வரும், ஒன்றும் தாய் மாதிரி இருக்காது. அந்த அளவுக்குக் கலப்பு அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆகவே நல்ல கொடி ஒன்று அமைந்துவிட்டால் அதை விடக்கூடாது. குச்சி வெட்டு, நடு. அது வளர்ந்ததும் அதிலிருந்து குச்சி வெட்டு, நடு. விஞ்ஞானி பாஷையில் குளோன். புதுச் செடி மாதிரி தெரிந்தாலும் உண்மையில் அது அதே பழைய செடிதான்.

எவ்வளவு பழசு என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2019ல் பிரான்ஸில் தொல்லியல் குழிகளில் கிடைத்த 28 பழைய திராட்சை விதைகளின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள். ஓர்லியான் என்கிற ஊரில் கிடைத்த ஒரு விதை சுமார் 900 வருசத்துக்கு முந்தியது. அது இன்றைக்கும் பயிராகும் சாவன்யான் பிளாங்க் என்ற ரகத்தோடு அப்படியே பொருந்தியது. உறவுக்காரன் இல்லை, அதே ஆள். நம்ம ஊரில் சோழர்கள் ஆண்டுகொண்டிருந்த காலத்துக் கொடி, கைமாறிக் கைமாறி, ஒரு தடவைகூடச் சாகாமல் இன்றும் காய்க்கிறது.

கேட்கப் புல்லரிக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. 900 வருசமாக அந்தக் கொடிக்குக் கல்யாணமே ஆகவில்லை! நல்ல ரகம் கிடைத்துவிட்டது என்று மனுசன் புதுசு தேடுவதையே குறைத்துக்கொண்டான். தேடியவனும் தெரிந்த குடும்பத்துக்குள்தான் தேடியிருக்கிறான். 2011ல் அமெரிக்க அரசின் சேகரிப்பில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகளைப் பரிசோதித்தார்கள். முக்கால்வாசி ரகங்களுக்கு இன்னொரு ரகத்தோடு அப்பா, மகன், உடன்பிறப்பு அளவுக்கு நெருங்கிய உறவு. அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரே தெருவுக்குள் சுற்றிச் சுற்றிப் பெண் எடுத்த நம் பழைய குடும்பங்களைப் பார்க்கிற மாதிரியே இருந்தது :-)

அந்தக் குடும்பத்தில் கெளரவப் பிரச்சினைகளும் உண்டு. ஷார்டனே என்று உலகம் கொண்டாடும் வெள்ளை ஒயின் திராட்சையின் பெற்றோர் யார் என்று 1999ல் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் பினோ, ராஜகுடும்பம். மறுபக்கம் குவே பிளாங்க், குடியானவர்கள் மட்டும் வளர்த்த, மட்டமான ரகம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பலமுறை தடை போட்ட கொடி. பெரிய இடத்துப் பிள்ளைக்கு இப்படி ஒரு தாய்வழி!

சரி, குளோன் என்றால் மாற்றமே வராதா? வரும். கொடியின் ஏதோ ஒரு மொட்டில் டி.என்.ஏ. நகல் எடுக்கும்போது பிழை விழும். அந்தக் கிளை மட்டும் வேறு மாதிரி காய்க்கும். கண்ணில் பட்டால் தோட்டக்காரன் அதை வெட்டித் தனியாக நடுவான். நாம் தின்னும் திராட்சையின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பிழைகளின் வரலாறுதான்.

பச்சைத் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். திராட்சையின் இயற்கை நிறம் கறுப்பு. தோலில் சாயம் ஏற்றச் சொல்லி உத்தரவு போடும் இரண்டு மரபணுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் வாசலில், இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று வந்து குந்திக்கொண்டு அதை வேலை செய்ய விடாமல் பண்ணியது. இதை 2004ல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றொன்றில் எழுத்துப்பிழை என்று 2007ல் ஆஸ்திரேலியர்கள் சொன்னார்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் மற்றது சமாளித்திருக்கும். இரண்டும் போனதால் சாயம் இல்லை. கிட்டத்தட்ட உலகத்து வெள்ளை, பச்சை ரகங்கள் எல்லாவற்றிலும் இதே இரட்டைக் கோளாறு இருப்பதால், அது ஒரே ஒரு பழைய கொடியில் சேர்ந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

விதையில்லாமையும் அப்படித்தான். வடநாட்டு மளிகைக்கடையில் உலர்திராட்சையைக் கிஷ்மிஷ் என்கிறார்களே, அந்தப் பெயரில் மத்திய ஆசியாவிலும், சுல்தானினா என்று துருக்கிப் பக்கத்திலும் வழங்கியது ஒரே கொடி. அதில் விதை உண்டாகத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். மென்றால் நாக்குக்குத் தட்டுப்படாது. காரணம் ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியது என்று 2018ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். காட்டில் இப்படி ஒரு கொடி பிறந்தால் அதோடு அதன் வம்சம் முடிந்தது. மனுசன் பார்த்தான், குச்சி வெட்டினான். 1870களில் இந்தக் கொடியைக் கலிபோர்னியாவில் பரப்பியவர் வில்லியம் தாம்சன் என்கிற விவசாயி. அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது, தாம்சன் சீட்லெஸ்.

அந்தத் தாம்சன்தான் மகாராஷ்டிராவுக்கு வந்தது. சாங்லி மாவட்டம் தாஸ்காவில் அதில் ஒரு மாறுதலைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது தாஸ்-ஏ-கணேஷ். சோலாப்பூர் பக்கம் நானஜ் கிராமத்தில் ஒரு விவசாயி கண்டெடுத்தது சோனாகா. இரண்டும் தாம்சனின் மொட்டுப் பிழைகள். ஆக, வண்டியில் சோனாகா கிலோ இவ்வளவு, கணேஷ் கிலோ இவ்வளவு என்று தனித்தனி விலை சொன்னாலும், நாம் வாங்குவது ஒரே மரத்தின் கிளைகளைத்தான்.

இதில் ஒரு கொசுறு. விதை வளரும்போது சுரக்கும் ஜிப்ரலின்தான் பழத்தைப் பெருக்க வைக்கிறது. விதை இல்லை என்றால் பழம் சிறுத்துப் போகும். ஆகவே பிஞ்சுக் குலையை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். கொடியிடமிருந்து பறித்ததை நாமே குப்பியில் ஊற்றித் திருப்பிக் கொடுக்கிறோம்!

இப்படியே சுகமாகப் போய்க்கொண்டிருந்த கதையில் 1863 வாக்கில் இடி விழுந்தது. தெற்கு பிரான்ஸில் கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. 1868ல் பிளான்ஷோன் என்ற தாவரவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும், இன்னும் சாகாத ஒரு கொடியைத் தோண்டிப் பார்த்தபோது, வேர் முழுக்க மஞ்சளாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள். பிலாக்சரா. அமெரிக்காவிலிருந்து அலங்காரத்துக்கும் பரிசோதனைக்கும் தருவித்த கொடிகளோடு கப்பலேறி வந்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் காலங்காலமாக அந்தப் பூச்சியோடு மல்லுக்கட்டிப் பழகியவை. ஐரோப்பியக் கொடி அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? காட்டில் என்றால் ஆயிரம் நாற்றில் ஒன்றாவது தாக்குப்பிடித்து வம்சத்தை வளர்க்கும். இங்கே தோட்டம் முழுக்க ஒரே ஆளின் நகல்கள். ஒன்று செத்தால் எல்லாம் சாகும்.

பிரெஞ்சு அரசு மூன்று லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தது. கொடிக்கடியில் உயிரோடு தேரை புதைத்துப் பார்த்தவர்கள்கூட உண்டு. கடைசியில் வந்த வைத்தியமும் அமெரிக்காவிலிருந்துதான். மிசூரி மாகாணத்துப் பூச்சியியல் அறிஞர் சார்லஸ் ரைலியும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து கண்டது, அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது. சுண்ணாம்பு மண்ணில் முதலில் வந்த வேர்ச்செடிகள் மஞ்சளடித்துப்போக, 1887ல் பியர் வியாலா என்பவர் அமெரிக்காவுக்கே போய், டெக்சாஸில் சுண்ணாம்பைத் தாங்கும் காட்டுக்கொடியைப் பிடித்து வந்தார். இன்று உலகில் பெரும்பாலான ஒயின் தோட்டங்களில் மண்ணுக்கு மேலே ஐரோப்பா, மண்ணுக்குக் கீழே அமெரிக்கா.

இவ்வளவு பட்ட பிறகும் புத்தி வந்ததா? கலிபோர்னியாவில் ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியை ஏராளமாக நட்டார்கள். நன்றாகக் காய்க்கும். ஆனால் அதில் பாதி ஐரோப்பிய ரத்தம், வேறு நாடுகளில் அது ஏற்கனவே பூச்சிக்குத் தோற்றிருந்தது. 1980களில் நாபாவிலும் தோற்றது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று.

மகாராஷ்டிராவிலும் திராட்சை இப்போது பெரும்பாலும் ஒட்டுச்செடிதான். இங்கே அதற்குக் காரணம் பூச்சி இல்லை, உப்புத்தண்ணீரும் வறட்சியும். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி பரவலாக இருக்கிறது, அதுவும் டெக்சாஸ் காட்டுச் சரக்கு. நான் முதலில் அதை ஏதோ ஆங்கிலக் கம்பெனி பெயர் என்று நினைத்தேன்.

வேருக்கு வழி கிடைத்தது. இலைக்கு? அமெரிக்கா அனுப்பி வைத்த இன்னொரு சீதனம் அடிச்சாம்பல் நோய். 1878ல் பிரான்ஸில் தென்பட்டது. 1885ல் மில்லார்டே என்பவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை வெளியிட்டார். நம்ம ஊர் விவசாயிகள் இன்றும் அடிக்கிற அதே மருந்து. அன்று கையில் எடுத்த தெளிப்பானைத் திராட்சை விவசாயி இன்னும் கீழே வைக்கவில்லை.

புனேயிலிருந்து நாசிக் போகும் வழியில் நாராயண்காவ் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இருக்கிறார். மராட்டிக்காரர், என் அரைகுறை மராட்டியைச் சகித்துக்கொள்ளும் நல்ல மனுசர். இங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, பழம் வருசத்துக்கு ஒரு தடவைதான். அக்டோபர் கவாத்துக்குப் பிறகு வரும் இளந்தளிர் மேல் பருவம் தவறி மழை பெய்தால் அவருக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. விடியும் முன்பே டிராக்டரில் மருந்து. மழை விட்டு விட்டுப் பெய்தால் மறுபடி மறுபடி மருந்து. செலவில் பெரிய பங்கு இதற்கே போகிறது என்றார். அவர் தோட்டத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான கொடிகளும் நோயைப் பொறுத்தவரை ஒரே கொடி. பூஞ்சையோ வருசாவருசம் புதுசு புதுசாகக் கல்யாணம் பண்ணி, மருந்துக்குத் தப்பிக்கும் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. ஒருவன் ஓடுகிறான், ஒருவன் கட்டிப்போட்டுக் கிடக்கிறான். கட்டியது நாம்.

2010ல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியத் திராட்சைக் கண்டெய்னர்கள், குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் இருப்பதாக நிறுத்தப்பட்டது இங்குள்ளவர்களுக்கு இன்னும் ஆறாத காயம். மருந்து இல்லாமல் காய்க்காத கொடியை வளர்க்கச் சொல்லிவிட்டு, மருந்து இல்லாத பழம் கேட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் கம்பம் பன்னீர் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். உலகத்துக்கு அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். எகிப்துத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கும், ஸ்கியாவா கிராஸா என்ற ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துத் திராட்சைக்கும் பிறந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டு வந்தார் என்பது ஊரில் சொல்லும் கதை. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் போன் போட்டால் ஒரு வாரம் அதே பேச்சு. பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தால் வருசம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். விதை உண்டு, வாசனை உண்டு. ஆனால் அதுவும் குச்சிக்குக் குச்சி ஒரே ஆள்தான். வயல் முழுக்க நகல், மழை வந்தால் மருந்து. இதில் சாங்லிக்கும் கம்பத்துக்கும் வித்தியாசம் இல்லை.

பெங்களூரு நண்பர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். ஜூஸ் கடையில் கிடைக்கும் பெங்களூர் நீலத் திராட்சை, பாதி அமெரிக்க ரத்தம் கலந்தது. இசபெல்லா என்ற பழைய கலப்பு ரகம்தான் இது என்பார்கள். தோல் தடிப்பு, விதை உண்டு, ஒரு மாதிரி காட்டு வாசனை. நாசூக்குக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் நோய்க்கு எளிதில் மசியாது. இசபெல்லா உட்பட ஆறு கலப்பு ரகங்களை 1930களில் பிரான்ஸ் தடையே செய்தது, ஒயினின் தரம் கெடுகிறதாம். 2021ல் ஐரோப்பிய ஒன்றியம் மனம் மாறி, ஊர்ப்பெயர் தாங்கிய உயர்ந்த ஒயின்களிலும் கலப்பு ரகங்களைச் சேர்க்கச் சட்டத்தைத் திருத்தியது. மருந்துச் செலவும், மாறிவரும் வெயிலும் மழையும் பிடரியைப் பிடித்து உந்தியிருக்கும்.

இந்தக் கல்யாண வேலை புனேயிலேயே நடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இங்கே அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தில் கடாவ்பா என்ற அமெரிக்க வழித் திராட்சையையும் பியூட்டி சீட்லெஸ் என்ற ஐரோப்பிய வழி ரகத்தையும் சேர்த்து ஏ.ஆர்.ஐ.-516 என்று ஒரு ரகம் எடுத்திருக்கிறார்கள். பூஞ்சையைத் தாங்குகிறது, 110-120 நாளில் பழுக்கிறது, ஜூஸ், ஜாம், ஒயின், உலர்திராட்சை எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார்கள்.

நாராயண்காவ் மனுசரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறாராம். ஓரத்தில் நாலு வரிசை வைத்துப் பார்க்கலாமா என்று யோசனையாம். "கொடி தாங்கும்னு சொல்றாங்க, சரி. ஆனா வண்டியில வச்சா பச்சையா நீளமா இருக்கிறதத்தானே உங்க ஜனங்க எடுக்குறாங்க?" என்று மராட்டியில் கேட்டார். நான் வாங்கி வந்த பையில் இருந்தது இரண்டு கிலோ சோனாகா.